சிவப்பும் பச்சையும் கலந்தால் என்ன ஆகும்? கார் கூலன்ட் மாற்றத்தின் பின்னணி

ரஞ்சன்காவ் (புனே): புனேயிலிருந்து அகில்யாநகர் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரஞ்சன்காவ், பக்தர்களுக்கு அஷ்டவிநாயகர் தலங்களுள் ஒன்றான மகாகணபதி கோயிலால் அறிமுகமானது. கார் உரிமையாளர்களுக்கு அது வேறொரு காரணத்தால் பரிச்சயமான ஊர். டாடா மோட்டார்ஸும் ஃபியட் குழுமமும் (தற்போது ஸ்டெல்லாண்டிஸ்) சம பங்குடன் அமைத்த ஆலை இங்குள்ள தொழிற்பேட்டையில் இயங்கி வருகிறது. 2009-ஆம் ஆண்டு அறிமுகமான ஃபியட் லீனியா, கிராண்டே புன்டோ ஆகியவை இங்கு உற்பத்தியானவை. 2017-இல் சந்தைக்கு வந்த ஜீப் காம்பஸ், டாடா நெக்ஸான் ஆகியவையும் இந்த ஆலையின் தயாரிப்புகளே.

லீனியாவும் புன்டோவும் உற்பத்தியிலிருந்து விலகிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. எனினும் அந்தக் கார்கள் தமிழகம் உள்பட நாடு முழுவதும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நிறுவனத்தின் சேவை மையங்கள் அருகில் இல்லாததால், அவற்றில் பல அக்கம்பக்கத்து ஒர்க் ஷாப்புகளையே நம்பியுள்ளன. அங்கு அடிக்கடி நேரும் ஒரு தவறு, சில ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய பராமரிப்பை இன்ஜினைப் பிரித்துப் பார்க்கும் செலவாக மாற்றிவிடுகிறது. கூலன்ட் குறைந்திருந்தால், கையில் கிடைத்த கூலன்ட்டை ஊற்றி நிரப்புவதுதான் அந்தத் தவறு.

ஃபியட் கார்களில் பயன்படுத்தப்பட்ட 'பாராஃப்ளூ யு.பி.' என்ற கூலன்ட் சிவப்பு நிறமுடையது. கரிம அமில வகையைச் சேர்ந்தது. அதனுடன் வேறு எந்தத் திரவத்தையும் கலக்கக் கூடாது என்றும், தவறிக் கலந்துவிட்டால் இன்ஜினை இயக்காமல் சேவை மையத்தைத் தொடர்பு கொள்ள வேண்டும் என்றும் அந்நிறுவனத்தின் உரிமையாளர் கையேடு கண்டிப்புடன் கூறுகிறது. இந்தக் கண்டிப்பு மிகையானது அல்ல. பழைய பச்சை நிறக் கூலன்ட்டுகளில் சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் துருத்தடுப்பான்களாகச் சேர்க்கப்படுகின்றன. அவை உலோகத்தின் மீது ஒரு மெல்லிய படலமாகப் படிந்து காக்கின்றன. கரிம அமில வகையோ அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் செயல்படுகிறது. ஆகவே மெதுவாகவே தீர்கிறது. இரண்டும் கலந்தால் நீண்ட ஆயுள் என்ற பயன் போய்விடும். சில கலவைகளில் கூழ் போன்ற படிவு உருவாகி, ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் ஹீட்டர் குழாய்களையும் அடைத்துவிடும்.

நிறத்தை மட்டும் நம்புவதும் ஆபத்தானது. கூலன்ட்டின் நிறம் அதில் சேர்க்கப்படும் சாயமே. எந்த நிறம் எந்த வகை என்பதற்கு உலகளாவிய விதி எதுவும் இல்லை. டப்பாவின் மீது அச்சிடப்பட்டுள்ள ஐ.எஸ். 5759 போன்ற தர எண்ணையும், கார் கையேடு குறிப்பிடும் வகையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான வழி.

'நம் ஊரில் பனி உறைவதில்லையே, தண்ணீரே போதாதா?' என்ற கேள்வி தமிழகத்தில் அடிக்கடி எழுகிறது. வெப்பத்தைச் சுமந்து செல்வதில் தண்ணீருக்கு நிகரில்லை என்பது உண்மையே. ஆனால் அது கொதித்துவிடுகிறது, உலோகத்தை அரிக்கிறது. எத்திலீன் கிளைக்கால் 50 சதவீதமும் காய்ச்சி வடித்த நீர் 50 சதவீதமும் கலந்த திரவம், சாதாரண காற்றழுத்தத்தில் சுமார் 108 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. அழுத்த மூடியுடன் கூடிய அமைப்பில் இது 130 டிகிரியை நெருங்குகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை நான்கு பேருடன் ஏறும் காருக்கு இந்த இடைவெளியே பாதுகாப்பு. அதற்காகத் தண்ணீர் சேர்க்காத கூலன்ட்டை அப்படியே ஊற்றுவதும் தவறு. தூய கிளைக்காலின் வெப்பம் சுமக்கும் திறன் தண்ணீரினுடையதில் ஏறக்குறைய 60 சதவீதம் மட்டுமே.

ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றினால் அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சூடான பரப்புகளில் செதிலாகப் படியும். வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் காணும் அதே வெண்படிவுதான் இன்ஜினுக்குள்ளும் உருவாகிறது. பேட்டரி தண்ணீர் என்ற பெயரில் கடைகளில் கிடைப்பது பல நேரங்களில் வடித்த நீர் அல்ல, அயனி நீக்கிய நீர். இந்த வேலைக்கு இரண்டுமே பொருந்தும்.

கூலன்ட்டை ஏன் மாற்ற வேண்டும்? கிளைக்கால் எளிதில் தீர்ந்துவிடுவதில்லை, தீர்வது துருத்தடுப்பான்களே. ஆண்டுக்கணக்கில் சூடேறி ஆறும் கிளைக்கால் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து அமிலங்களாக மாறுகிறது. அவற்றைச் சமன்செய்யும் பொருள் தீர்ந்ததும் அலுமினியத்தாலான சிலிண்டர் ஹெட்டும் ரேடியேட்டரும் அரிக்கப்படத் தொடங்குகின்றன. பழைய வகைக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுகளும், கரிம அமில வகைக்கு ஐந்து ஆண்டுகள் வரையிலும் ஆயுள் கூறப்படுகிறது. கையேட்டில் உள்ள காலமே இறுதியானது.

மாற்றும் பணியின் முதல் விதி, இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும் என்பதே. அழுத்தத்தில் உள்ள சூடான திரவம், மூடியைத் திறந்த கணத்தில் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். சமதளத்தில் காரை நிறுத்தி, ஹீட்டரை அதிகபட்ச வெப்ப நிலையில் வைத்து, ரேடியேட்டரின் அடிப்பகுதியில் உள்ள வடிகால் திருகையோ கீழ் ஹோஸையோ கழற்றினால் பழைய திரவம் வடியும். ஆனால் முழுவதும் வடியாது. இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டர் குழாய்களிலும் கணிசமான அளவு தங்கிவிடும். எனவே தூய நீரை நிரப்பி, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும் வரை இன்ஜினை இயக்கி, மீண்டும் ஆறவிட்டு வடிக்க வேண்டும். வெளிவரும் நீர் தெளியும் வரை இதைத் திரும்பச் செய்வதே 'ஃப்ளஷ்' எனப்படுகிறது. துருவோ படிவோ காணப்படாத நிலையில் ரசாயனக் கழுவு திரவங்கள் தேவையில்லை.

பலரும் கோட்டைவிடும் கணக்கு இதற்குப் பின்னர்தான் வருகிறது. ஒரு காரின் மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் எனக் கொள்வோம். கடைசி முறை வடித்தபோது 4 லிட்டர் மட்டுமே வெளிவந்தது என்றால், 2 லிட்டர் தண்ணீர் உள்ளே இருக்கிறது. இப்போது முன்பே கலந்த 50 சதவீதக் கூலன்ட் 4 லிட்டரை ஊற்றினால், இன்ஜினில் ஓடுவது 33 சதவீதக் கலவையாகத்தான் இருக்கும். மாறாக, கலக்காத அடர் கூலன்ட் 3 லிட்டரை முதலில் ஊற்றி, 1 லிட்டர் வடித்த நீரால் நிரப்பினால் கலவை சரியாக அமையும். ஒர்க் ஷாப்பில் இதைக் கேட்டுப் பெறுவது உரிமையாளரின் பொறுப்பு. கேட்காவிட்டால் பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை.

நிரப்பிய பின் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவது அவசியம். காற்று நீக்கும் திருகு உள்ள கார்களில், திரவம் குமிழின்றி வழியும் வரை அதைத் திறந்து வைக்க வேண்டும். காற்றுக்குமிழ் தங்கினால் ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வரும். வெப்பநிலை உணரி திரவத்துக்குப் பதிலாகக் காற்றில் இருக்க நேர்ந்தால், இன்ஜின் கொதித்தாலும் முள் அசையாது. மறுநாள் காலை, இன்ஜின் ஆறிய நிலையில், அளவுக் கோடுகளுக்கு இடையே திரவம் நிற்கிறதா என்று பார்த்துக் குறையை நிரப்ப வேண்டும். வெளியே கசிவு தென்படாமலேயே அளவு தொடர்ந்து குறைந்தாலோ, திரவம் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறினாலோ, ஹெட் கேஸ்கெட் அல்லது ஆயில் கூலர் பழுதாகியிருக்கலாம். அந்த நிலையில் கூலன்ட் மாற்றம் தீர்வாகாது.

வடித்த திரவத்தைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடையது. தரையில் தேங்கினால் நாய்களும் பூனைகளும் நக்கக்கூடும். உடலுக்குள் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகங்களில் படிகங்களாகப் படிந்து அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. வளர்ந்த மனிதருக்கே சுமார் 100 மில்லிலிட்டர் உயிருக்கு ஆபத்தானது. குழந்தைக்கு அதைவிடக் குறைவான அளவே போதும். பழைய கூலன்ட்டைக் குடிநீர் அல்லது குளிர்பான பாட்டில்களில் ஊற்றி வைக்காமல், மூடியுள்ள கேனில் பெயர் எழுதி, கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க் ஷாப்பில் ஒப்படைக்கலாம். ஆயிலுடன் அதைக் கலந்துவிடாமல் தனியாகவே கொடுக்க வேண்டும்.