மூலநிரலிலிருந்து லினக்ஸ்

தமிழகம் விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் குடியமர்ந்த நம் இல்லங்களில் ஆட்டுக்கல் மறைந்து நெடுநாளாயிற்று. கடையில் மாவு கிடைக்கிறது. வாங்கி வந்து இட்லி வார்க்கிறோம். உளுந்து எவ்வளவு சேர்ந்தது என்று கேட்பதில்லை. கணினியில் லினக்ஸ் நிறுவுவோருள் பெரும்பாலாரும் இவ்வாறே, பிறர் கட்டி முடித்த பொதிகளை ஏற்றுக்கொள்கின்றனர்.

தாமே அரைக்க விரும்புவோரும் உளர். அவர்களுக்கென ஜெரார்டு பீக்மன்ஸ் என்பார் 1999-இல் தொடங்கியது 'லினக்ஸ் ஃபிரம் ஸ்கிராட்ச்' என்னும் நூல். மனிதர் எழுதிய மூலநிரலைக் கொண்டு முழு அமைப்பையும் படிப்படியாகக் கட்டும் வழியை அது கூறுகிறது. இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது கம்பைலர். அக்கம்பைலரும் ஒரு நிரலே. அதனை எதனால் மாற்றுவது? ஆகவே, பழைய அமைப்பின் துணையால் ஒரு தற்காலிகக் கம்பைலரைக் கட்டி, அதனால் நூலகங்களையும் சில கருவிகளையும் ஆக்கி, அவற்றினுள் புகுந்த பின்னரே நிலையான அமைப்பைக் கட்டுகின்றனர். ஜி.சி.சி. என்னும் கம்பைலர் இம்முறையில் மூன்று முறை கட்டப்படுகிறது!

கட்டளைகளைக் கையால் இட்டுச் செல்கையில் களைப்பும் பிழையும் இயல்பு. படியெடுக்கையில் ஒரு வரி விடுபட்டால் நேரும் துன்பத்தை மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நாம் நன்கறிவோம். இக்குறை தீர்க்க வந்தது 'ஜேஹால்ஃப்ஸ்' என்னும் கருவி. அந்நூலின் எக்ஸ்.எம்.எல். மூலத்தையே படித்து, கட்டளைகளைப் பிரித்தெடுத்து, பொதிக்கு ஒரு சிறு நிரலாக்கி, அவற்றின் வரிசையை ஒரு 'மேக்' கோப்பாக எழுதித் தருகிறது. மேக் என்பது 1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ஆக்கியது. முடிந்த வேலை எது, எஞ்சிய வேலை எது என்பதை அறியவல்லது. இடையில் ஒரு பொதி பழுதுபட்டால் வேலை நின்றுவிடும். பதிவுக்குறிப்பைப் பார்த்துத் திருத்தியபின், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நூலில் ஒரு கட்டளை திருந்தினால், அதிலிருந்து மீண்டும் எடுக்கும் நிரலும் திருந்திவிடும். விளக்கவுரையும் ஏவலும் ஒரே ஏட்டில் அமைந்த இவ்வொழுங்கே நம்மை மிகவும் கவர்ந்தது.

எனினும், கையால் கட்டிப் பழகியவர்க்கே இக்கருவி உகந்தது. பொறி விரைவாகச் செய்யும், ஐயப்படாது. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட ஒரு நிகழ்ச்சியை இங்கு நினைவூட்டுவோம். எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் தீய நிரல் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அதனை எழுப்பிவிடும் வரி பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியிடப்பட்ட மூலப்பொதியில் மட்டும் இருந்தது. டெபியன், ஆர்.பி.எம். வகைப் பொதிகளாகக் கட்டும் வேளையிலேயே அது விழித்தெழும். பொதி சரியானதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண் இதனைக் காட்டிக்கொடாது. நஞ்சு கலந்த பொதிக்கே அவ்வெண் கணிக்கப்பட்டிருக்குமன்றோ! தானே இயங்கிக் கட்டிய பொறிகள் அதனைக் கண்டறியவில்லை. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தினும் அரை நொடி கூடுதலாவது ஏன் என்று துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளரே அதனைக் கண்டுபிடித்தார்.