ஊரடங்கும் உல்லாசப் பயணமும்

பெருந்தொற்றுக் காலத்தில் மக்கள் கூட்டத்தை விட்டு விலகி, மலையிலோ காட்டிலோ கூடாரம் அடித்துத் தங்குவது பாதுகாப்பானதுதானே என்று பலர் கேட்பதுண்டு. கொச்சியின் அனுபவம் இதற்குத் தக்க விடை அளிக்கிறது.

2020 மார்ச் மாத நடுவில், மூணாறில் கண்காணிப்பில் இருந்த பிரிட்டிஷ் சுற்றுலாப் பயணி ஒருவர், தம் குழுவினருடன் புறப்பட்டு நெடும்பாசேரியில் விமானம் ஏறிவிட்டார். நோய் உறுதியானது தெரிந்ததும் அவ்விமானப் பயணிகள் அனைவரும் இறக்கப்பட்டனர். மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. மார்ச் 28 அன்று கேரளத்தின் முதல் கோவிட் மரணம் நிகழ்ந்தது. இறந்தவர் வெளிநாட்டிலிருந்து திரும்பிய மட்டாஞ்சேரிவாசி. அவரை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்த வாடகைக் கார் ஓட்டுநரையும் நோய் தொற்றியது.

திறந்தவெளியில் நோய் பரவும் வாய்ப்பு, மூடிய அறையைவிடக் குறைவு என்பது உண்மையே. ஆயினும், கூடாரத்தை அடைய ஊர்தி வேண்டும்; வழியில் எரிபொருளும் உணவும் வேண்டும். நோய் அறிகுறிகள் வெளிப்பட 14 நாட்கள் வரை ஆகலாமாதலால், நலமாக இருப்பதாக எண்ணிப் புறப்படுபவரே நோயைச் சுமந்து செல்லக்கூடும். மலைக் கிராமங்களில் மருத்துவ வசதியும் சொற்பம். அங்கே ஒருவருக்குக் கால் முறிந்தாலும், தொற்றுப் பணியில் இருக்கும் மருத்துவரையும் ஊர்தியையும் அவருக்காகத் திருப்ப வேண்டியிருக்கும்.

சுற்றுலாவை நம்பி வாழும் மட்டாஞ்சேரி யூதத் தெரு வணிகர்களுக்கு ஊரடங்கு பெரும் இழப்பை உண்டாக்கியது. அதனை ஈடுசெய்வது அரசின் கடமை. பயணியோ, பயணத்தை ஒத்திப்போடுவதால் இழப்பது சில நாள் இன்பமே. ஒத்திப்போடாவிடில் அதன் விலையை வழியிலுள்ளோர் செலுத்த நேரிடும்.