பொன்முகலி சேரும் கடலில்

திருமலையும் திருக்காளத்தியும் கோயில்களால் பெயர் பெற்ற தலங்களாதலால், அவற்றோடு சுறா மீனைச் சேர்த்துப் பேசினால் கேட்பவர் சற்றே முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி ஆந்திர மாநிலத்து மாவட்டங்கள் மறுபடி பிரிக்கப்பட்டபோது, பழைய சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியோடு நெல்லூரைச் சேர்ந்த சூளூர்ப்பேட்டை வட்டாரமும் இணைந்து திருப்பதி மாவட்டம் உருவாகவே, அதுவரை கடலை அறியாதிருந்த அந்த க்ஷேத்திரத்துக்குப் பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதியும், ஸ்ரீஹரிகோட்டாத் தீவும், அதற்கப்பால் வங்கக் கடலும் ஓர் அரசாணையின் மூலம் வந்து சேர்ந்தன. சித்தூர் மாவட்டத்துக்கு இன்றும் கடல் இல்லை.

அரசாணைக்கு வெகுகாலம் முன்னரே இந்தச் சம்பந்தத்தை ஏற்படுத்தி வைத்தது பொன்முகலி ஆறுதான். சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் தோன்றித் திருக்காளத்திக் கோயிலின் அருகாக ஓடிக் கடலில் கலக்கும் அந்த ஆறு, வருஷத்தின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடந்தாலும், ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் புரளும்போது, மலைச் சரிவுகளின் இலைச் சருகையும், வயல்களின் வண்டலையும், கண்ணுக்குப் புலப்படாமல் நீரில் கரைந்துள்ள உப்புச் சத்துக்களையும் (இந்நாளில் நகரத்துச் சாக்கடையையுங்கூட) கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்தச் சத்துக்களை உண்டு சூரிய ஒளியில் பெருகுகின்றன நுண்பாசிகள். அவற்றைத் தின்கின்றன கூனிப்பொடி முதலிய சிறு பிராணிகள். அவற்றை நெத்திலியும் கவலை மீனும், அவற்றைச் சுறாவும் தின்கின்றன.

சுறா என்றதும் அகாதமான ஆழ்கடலில் இரை தேடி அலையும் பிராணியாகவே அதை நாம் கற்பனை செய்கிறோம். வங்கக் கடலின் சுபாவமோ வேறு. மகாநதிகள் பல வந்து கொட்டும் நன்னீர், கனம் குறைந்ததாகையால் உப்புநீரின் மேலாகவே தங்கிவிடுகிறது. ஆழத்திலுள்ள சத்துக்கள் அதைக் கடந்து மேலே வருவது எளிதாயில்லை. ஆகவே இக்கடலின் செல்வமெல்லாம் பெரும்பாலும் கரையை ஒட்டிய ஆழங்குறைந்த பரப்பிலும் ஆற்று முகத்துவாரங்களிலுமே சேர்ந்து கிடக்க, நம் பக்கத்துச் சுறாக்களில் மிகப் பலவும் சேறும் மணலுமான அந்தப் பரப்பிலேயே உண்டு, வளர்ந்து, குட்டியும் போடுகின்றன.

இவை எதைத் தின்கின்றன என்பதை அறிய, பிடிபட்ட மீனின் வயிற்றைக் கீறிப் பார்ப்பதுதான் விஞ்ஞானிகள் நெடுங்காலமாகக் கைக்கொண்ட வழி. 1947-இல் தொடங்கப்பெற்று இன்று கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இவ்வேலையைப் பொறுமையோடு செய்து வந்திருக்கிறார்கள். பல வயிறுகள் காலியாகவே இருக்கும். சிலவற்றில் பாதி ஜீரணமான காரலும் நெத்திலியும் இறாலும், சதையெல்லாம் கரைந்த பின்னும் கரையாமல் எஞ்சிய கணவாயின் கறுத்த அலகும் அகப்படும். பால்சுறாவுக்கு ஆகாரம் பெரும்பாலும் இத்தகைய சிறு மீன்களே. தலை சம்மட்டி வடிவில் இருபுறமும் நீண்ட கொம்பன் சுறாவோ, மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கையை, அதன் உடலிலிருந்து கசியும் மிக மெல்லிய மின்சாரத்தைத் தன் தலையடியிலுள்ள நுண்துளைகளால் உணர்ந்து தோண்டியெடுக்கிறது. இத்துளைகளை இத்தாலிய வைத்தியரான லோரென்சினி 1678-இலேயே விவரித்திருக்கிறார். புலிச்சுறா ஆமையையும் கடற்பாம்பையும் கடற்பறவையையும் விடுவதில்லை. இவற்றையெல்லாம்விடப் பெரியதும், மீன் இனத்திலேயே மிகப் பெரியதுமான திமிங்கலச் சுறா மட்டும், வாயைத் திறந்தபடி நீந்தி, கூனிப்பொடியையும் மீன் முட்டைகளையும் வடிகட்டி விழுங்கிச் சாதுவாய்க் காலம் கழிக்கிறது.

உண்ணும் ஆகாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உண்பதன் உடலாக மாறுகிறது, எஞ்சியது மூச்சிலும் அசைவிலும் கழிவிலும் போய்விடுகிறது என்பது உயிரியலார் வைத்துக்கொண்டுள்ள ஓர் உத்தேசக் கணக்கு. அதன்படி ஒரு கிலோ சுறாவுக்குப் பத்துக் கிலோ கவலையும், அதற்கு நூறு கிலோ சிறு பிராணிகளும், அவற்றுக்கு ஆயிரம் கிலோ நுண்பாசியும் வேண்டும். உச்சியில் இருக்கும் பிராணி எப்போதும் சொற்பமாகவே இருப்பதற்கு இதுவே காரணம்.

இந்தச் சொற்பமான கூட்டம் கடலில் செய்யும் காரியம், தின்று தீர்ப்பதோடு முடிவதில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஷார்க் பே என்னும் விரிகுடாவில் பல வருஷங்கள் ஆராய்ந்தவர்கள், புலிச்சுறாக்கள் மிகுந்த பருவத்தில் ஆவுளியாக்கள் என்னும் கடற்பசுக்கள் புல் செழித்த ஆழங்குறைந்த இடங்களை விட்டு ஒதுங்கி மேய்வதைக் கண்டார்கள். சுறா ஒன்றையும் கொல்லாத நாளிலும், அது உலவுகிறது என்ற பயமே கடற்புல் வெளியைக் காத்துக் கொடுக்கிறது. பாக் நீரிணையிலும் ஆவுளியாவும் கடற்புல்லும் உள்ள நமக்கு இது அந்நிய விஷயமன்று.

ஆனால் இத்தகைய கதைகளை அவசரப்பட்டு நம்புவதிலும் ஆபத்து உண்டு. அமெரிக்காவின் கீழ்க்கரையில் பெரிய சுறாக்கள் அருகியதால் ஒருவகைத் திருக்கை பெருகிற்று என்றும், அது சிப்பிகளைத் தின்று தீர்த்ததால் சிப்பித் தொழில் அழிந்தது என்றும் 2007-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி உலகெங்கும் பிரசித்தமாயிற்று. அதைக் கேட்டவர்கள் திருக்கையைக் கொன்று தின்னப் பிரசாரமே செய்தார்கள். அந்தத் திருக்கையும் வருஷத்துக்கு ஒரு குட்டிதான் ஈனுவது, அவ்வளவு வேகமாகப் பெருகியிருக்க முடியாது என்று 2016-இல் வேறு சிலர் எடுத்துக் காட்டினார்கள். ஒன்றைக் காப்பதாகச் சொல்லி மற்றொன்றை அழிக்கும் புத்திசாலித்தனத்தைவிட, எல்லாவற்றையும் கொஞ்சம் குறைவாகப் பிடிப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

சுறாவை நாம் பிடித்து வந்ததும் இன்று நேற்றல்ல. இரண்டாம் உலக யுத்தத்தின்போது வெளிநாட்டுக் காட் மீன் எண்ணெயின் வரவு நின்றுபோகவே, சித்தூரும் கோழிக்கோடும் ஒரே சென்னை மாகாணத்தில் இருந்த அந்நாளில், மாகாண அரசின் மீன்துறை கோழிக்கோட்டில் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்தது. அதைக் குற்றம் சொல்வதற்கில்லை. வைட்டமின் ஏ இல்லாமல் குழந்தைகளின் கண் கெட்ட காலம் அது. பின்னர் விசைப்படகும் நைலான் வலையும் வந்தன. சுறாவின் பிள்ளைப்பேறு மட்டும் பழையபடியே இருந்தது. கவலை மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிட, பால்சுறா ஏறக்குறைய ஒரு வருஷம் கருச்சுமந்து சில குட்டிகளையே ஈனுகிறது. திறந்த சமுத்திரத்துச் சுறாக்களும் திருக்கைகளும் 1970-க்குப் பின் 71 சதவிகிதம் குறைந்துவிட்டதாக 2021-இல் ஒரு சர்வதேசக் குழு கணக்கிட்டது. நம் அண்டையிலேயே புதுச்சேரியின் பெயர் தாங்கிய ஒரு சிறு சுறா உண்டு. அதைப்பற்றிய கடைசி உறுதியான பதிவு 1979-ஆம் ஆண்டினது. திமிங்கலச் சுறாவுக்கு 2001-இல் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது; 2015-இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. சாதாரணச் சுறாக்கள் பலவற்றுக்கு, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் ஓயும் 61 நாட்களைத் தவிர வேறு ஓய்வு இல்லை.

மலையடிவாரத்து ஊர்களின் மீன் கடைகளுக்கும் பால்சுறா ஐஸ் பெட்டியில் வந்து சேருகிறது. தோலை வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால் உப்புத்தாள்போல் கையை அறுக்கும். உடலில் யூரியா மிகுந்திருப்பதால் நாட்பட்டது ஒரு காட்டமான நெடி வீசும். பிள்ளை பெற்ற வீட்டில் அதை மஞ்சள் போட்டு வேகவைத்துத் தோலுரித்து, உதிர்த்துப் பூண்டும் வெங்காயமும் சேர்த்துப் புட்டாக்கிக் கொடுப்பது நம்மவர் வழக்கம். அவ்வழக்கத்தைக் கைவிடும்படி நான் யாரையும் கேட்கவில்லை. கூறுகட்டி வைத்திருப்பவை சாண் அளவுக் குட்டிகளாயிருந்தால் மட்டும் வாங்காமல் திரும்பிவிடுங்கள். விலை போகாத சரக்கை எந்த வியாபாரியும் இத்தனை தூரம் மறுமுறை கொண்டுவர மாட்டார்.