திருப்பிப் போடும் பெஞ்சு

இரண்டு பேர், ஒரு பெட்டி – 2

போன வாரம் ஹாங்காங் விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்து நின்ற இடத்தில் நிறுத்தியிருந்தேன். பெட்டி வந்துவிட்டது. அதைத் திறக்கத்தான் இடம் கிடைக்கவில்லை.

சிம் ஷா சூய் பகுதியில், நேதன் சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் எங்கள் அறை. கணினியில் பார்த்த படத்தில் கட்டிலைச் சுற்றி ஒரு நடை போய்வரலாம் போலிருந்தது. படம் எடுத்தவர் சுவரோடு சுவராகப் பல்லிபோல ஒட்டிக்கொண்டு எடுத்திருக்க வேண்டும். கதவைத் திறந்தால் கட்டிலில் இடித்தது. பெட்டியைக் கட்டில்மேல் வைத்துத் திறந்தால் உட்கார இடமில்லை; கீழே இறக்கி வைத்தால் நிற்க இடமில்லை.

"ஒருத்தர் புடவை மாத்தணும்னா இன்னொருத்தர் லிஃப்டுக்குப் போயிட்டு வரணும்போல" என்றார் இவர், என் வீட்டுக்காரர்.

"கட்டில்மேல ஏறி உக்காந்துக்கங்க. நான் கூப்பிடும்போது இறங்குங்க."

அதுதான் நாலு நாளும் நடந்தது. ஒருவர் தரையில், ஒருவர் கட்டிலில். முறை வைத்து வாழ்ந்தோம்.

திருச்சியில் எங்கள் வீட்டில் மூன்று படுக்கையறை. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊருக்குப் போனபிறகு அதில் ஒன்றில் பழைய பேப்பரும், இன்னொன்றில் இஸ்திரி பெட்டியும்தான் குடியிருக்கின்றன. ஏதாவது வாக்குவாதம் வந்தால் இவர் மொட்டை மாடிக்குப் போவார், நான் கொல்லைப்பக்கம் போவேன். அரை மணி நேரத்தில் காபி வாசனைக்கு இவரே இறங்கி வருவார். கோபித்துக்கொள்வதற்கும் இடம் வேண்டும் என்பது இந்த அறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஏனென்றால் மறுநாள் காலையே எங்களுக்குள் சண்டை. இவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பதினோரு இடங்கள், நேரத்தோடு.

"இதுல எங்கயாவது கொஞ்ச நேரம் உக்கார்ற மாதிரி இருக்கா?" என்று கேட்டேன்.

"உக்கார்றதுக்குத் திருச்சியிலயே இருந்திருக்கலாமே."

மொட்டை மாடியும் இல்லை, கொல்லையும் இல்லை. பேசாமல் லிஃப்டில் இறங்கி, பேசாமல் நடந்து, பேசாமல் படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆக்டோபஸ் அட்டையை இவர் தட்டினார், நான் தட்டினேன். 1997-ல் வந்த இந்த ஒரு அட்டை இருந்தால் ரயில், பஸ், டிராம், கப்பல், பெட்டிக்கடை எல்லாவற்றுக்கும் போதும். வாயே திறக்க வேண்டாம். எங்களுக்கு அன்று ரொம்ப வசதியாக இருந்தது.

நாங்கள் தங்கிய கௌலூன் கரைக்கும் ஹாங்காங் தீவுக்கும் நடுவே கடலுக்கு அடியில் ரயில் ஓடுகிறது. அப்படியும் ஸ்டார் ஃபெரி என்ற இந்தச் சின்னக் கப்பல்கள் விடாமல் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வருகின்றன. பத்து நிமிஷத்துக்குள் அக்கரை. நம் பணத்தில் நூறு ரூபாய்கூட ஆகாது. மேலே வெள்ளை, கீழே பச்சை. இரண்டு பக்கமும் முகப்பு. அதனால் துறைக்கு வந்த கப்பல் திரும்புவதே இல்லை. வந்த வாக்கிலேயே பின்னால் போகிறது. அப்படியானால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள்? அதற்கு ஓர் எளிய ஏற்பாடு. மர பெஞ்சின் சாய்மானம் அசையும். பிடித்து இந்தப் பக்கம் இருப்பதை அந்தப் பக்கம் தள்ளினால் 'டக்' என்று ஒரு சத்தம்; பெஞ்சு திசை மாறிவிடும்.

இவர் ஒரு பெஞ்சில் தீவைப் பார்த்து உட்கார்ந்தார். நான் அதற்குப் பின்பெஞ்சின் சாய்மானத்தை 'டக்' என்று தள்ளி, விட்டுவந்த கரையைப் பார்த்து உட்கார்ந்தேன். முதுகோடு முதுகாக அக்கரை போனோம்.

இந்தக் கப்பல் சர்வீஸை ஆரம்பித்தவர் ஒரு பார்சி. பெயர் தோராப்ஜி நவ்ரோஜி மிட்டாய்வாலா. சமையல்காரராக இருந்து முன்னுக்கு வந்தவர் என்கிறார்கள். 1888-ல் கௌலூன் ஃபெரி கம்பெனி தொடங்கினார். பத்து வருஷம் கழித்து அது கைமாறி ஸ்டார் ஃபெரி ஆனது. இதை இவரிடம் சொல்ல நாக்கு துடித்தது. முதுகிடம் எப்படிச் சொல்வது?

தாளில் முதல் இடம், தீவின் சென்ட்ரல் பகுதியில் உள்ள நகரும் படிக்கட்டு. அடிவாரத்துக் கடைத்தெருவிலிருந்து மலைச்சரிவுக் குடியிருப்புவரை சுமார் 800 மீட்டர் நீளம், 135 மீட்டர் ஏற்றம். ஒரே படிக்கட்டு இல்லை; துண்டு துண்டாகப் பல எஸ்கலேட்டர்கள். மேலே கூரை, இரண்டு பக்கமும் கட்டடங்களின் முதல் மாடி ஜன்னல்கள். 1993-ல் திறந்தார்கள். ஏறி நின்றால் மேலே போய் இறங்கலாம் என்று இவர் கணக்கு. ஒன்பதே காலுக்குப் போய் நின்றோம்.

அது இறங்கிக்கொண்டிருந்தது.

படிக்கட்டு நிறைய ஆட்கள். கையில் காபி, காதில் கருவி, கழுத்தில் அடையாள அட்டை. ஆறு போல இறங்கி வந்தார்கள். ஏறுவதற்குப் பக்கத்திலேயே கல்படிகள்தான் இருந்தன. இவர் அறிவிப்புப் பலகையைப் படித்தார். காலை 6 முதல் 10 வரை கீழ்நோக்கி. பிறகு நள்ளிரவுவரை மேல்நோக்கி. மலைமேல் குடியிருப்பவர்கள் காலையில் வேலைக்கு இறங்குவார்கள், அதற்கப்புறம் ஏறுவார்கள். இரண்டு வரிசை போட அந்தச் சந்தில் இடமில்லை. ஒரே வரிசையைத் திசை திருப்பிக்கொள்கிறார்கள்.

"நம்ம பெஞ்சு மாதிரி" என்றேன். சண்டை என்பதே மறந்துபோய்ச் சொல்லிவிட்டேன். இவர் சிரித்தார். பத்து மணிவரை என்ன செய்வது? எங்காவது உட்கார வேண்டியதுதான்.

ஒரு சா சான் தெங்கில் உட்கார்ந்தோம். டீக்கடை, ஓட்டல் இரண்டுக்கும் நடுவாந்தரமான உள்ளூர்க் கடைகள் இவை. நாலு பேர் மேஜையில் ஒரு பெரியவர் குதிரைப் பந்தயப் பக்கத்தை விரித்து வைத்திருந்தார். கடைக்காரம்மா எங்களை அவர் எதிரே உட்காரச் சொல்லிக் கை காட்டினார். எனக்குச் சங்கடம். பெரியவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. தலை நிமிராமலே தன் டீ கிளாஸை இரண்டு அங்குலம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், பேப்பரைப் பாதியாக மடித்தார். அவ்வளவுதான், எங்களுக்கு மேஜை கிடைத்துவிட்டது. முகம் தெரியாதவர்கள் ஒரே மேஜையில் சாப்பிடுவது இங்கே சாதாரணம்.

டீ போடும் இடம் என் கண்ணுக்கு நேரே இருந்தது. நம் டீ மாஸ்டர்கள் வைத்திருக்கும் அதே மாதிரி நீளத் துணி வடிகட்டி; டீச்சாயம் ஏறி ஏறிக் காலுறை நிறத்துக்கு வந்திருந்தது. அதனாலேயே இந்த டீக்கு இங்கே 'பட்டுக் காலுறை டீ' என்று பெயர். ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி ஊற்றி, கெட்டிப் பால் சேர்த்துத் தருகிறார்கள். கூட வந்தது அன்னாசி பன். அன்னாசி ஒரு துண்டும் கிடையாது. மேலே வெடித்த சர்க்கரை ஓடு அன்னாசித் தோல் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். டீ, நம் ஊர் டீயைவிடத் திடம். இவர் இரண்டாவது கிளாஸ் கேட்டார். தாளைப் பற்றி மூச்சு விடவில்லை.

அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும் எனக்கு அந்தப் பெஞ்சே தெரிந்தது. டெம்பிள் தெரு பகலில் வண்டி போகும் சாதாரணத் தெரு, சாயங்காலம் கூடாரம் போட்டால் சந்தை. ஹாப்பி வேலியில் டிராமிலிருந்து இறங்கிப் பார்த்தோம்: 1846 முதல் குதிரைகள் ஓடும் பந்தயத் திடல்; அந்த வட்டத்துக்கு நடுவே கால்பந்து மைதானங்கள். பந்தய இரவில் குதிரை, மற்ற நாளில் பையன்கள். ஊரின் மொத்தப் பரப்பு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர், ஜனம் 75 லட்சம். அந்த நிலத்திலும் கட்டடம் எழும்பியிருப்பது கால் பங்கு அளவில்தான். மீதியில் பெரும்பகுதி மலையும் காடும்.

எங்கள் காவிரிப் பக்கம் அணையில் தண்ணீர் குறைந்தால் முறைப்பாசனம் என்பார்கள். இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அடுத்ததற்கு இத்தனை நாள் என்று மாற்றி மாற்றித் திறந்துவிடுவார்கள். இந்த ஊரில் இடத்துக்கு முறை வைத்திருக்கிறார்கள். "நல்ல ஏற்பாடுதான்" என்று இவரிடம் சொன்னேன். இவர் விவசாயக் குடும்பம். "முறை வச்சாலும் கடைமடைக்குத் தண்ணி போகணும்ல. அத யாரு பாக்குறா?" என்றார்.

கடைமடையை ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம்.

சென்ட்ரலில் எச்.எஸ்.பி.சி. வங்கியின் தலைமைக் கட்டடம் இருக்கிறது. நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1985-ல் முடிந்தது. தரைத்தளம் சுவரே இல்லாமல் திறந்து கிடக்கும். வங்கி அதற்குமேல் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை அங்கே கோட்டு சூட்டு போட்டவர்கள் குறுக்கே வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஞாயிறு அன்று அதே தரை முழுக்கப் பெண்கள். பிலிப்பைன்ஸிலிருந்து வீட்டு வேலைக்கு வந்தவர்கள். அவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுப்பு சட்டப்படி உண்டு. வேலை செய்யும் வீட்டிலேயே தங்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே விடுப்பு நாளில் போக வீடு இல்லை. ஒட்டியுள்ள சேட்டர் சாலையையும் ஞாயிறு அன்று வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். கல்கத்தாவில் பிறந்து இந்தத் துறைமுகத்தில் பெரும் செல்வரான பால் சேட்டரின் பெயரில் உள்ள சாலை அது. நடுரோட்டிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்திருந்தார்கள். சிலர் ஓரங்களை நிமிர்த்திவைத்து முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழுப்பியிருந்தார்கள். ஒருத்தி இன்னொருத்திக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கூட்டம் சீட்டாடியது. ஊருக்கு அனுப்பும் பெரிய பெட்டியில் சோப்பும் பிஸ்கட்டும் துண்டும் அடுக்கி, ஒருத்தி மேலே ஏறி அமுக்க இன்னொருத்தி டேப் ஒட்டினாள். என்னை நிறுத்தியது வேறு ஒன்று. அட்டைகளின் விளிம்புக்கு வெளியே செருப்புகளை ஜோடி ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தார்கள். அட்டைக்குள் வந்துவிட்டால் அது வீடு.

கால் வலித்துத் தயங்கி நின்ற என்னைப் பார்த்து ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். இவருக்குத் தூண் ஓரம் நிற்கத்தான் கூச்சம் விட்டது. அந்தப் பெண் இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகிறதாம். இரண்டு பிள்ளைகள், அம்மாவிடம் வளர்கிறார்கள். வேலை செய்யும் வீட்டில் எங்கே படுப்பாய் என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். "குழந்தையோட ரூம்ல" என்றாள். குழந்தை தூங்கியபிறகு விரிப்பாள், எழும்முன் சுருட்டுவாள். ஒன்பதாம் மாடி அறையைப் பற்றி நாலு நாளாக நான் புலம்பியது நினைவுக்கு வந்தது.

இப்படி வீட்டு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இங்கே 3 லட்சத்துக்கும் மேல். ஒரே வீட்டைத் தட்டி வைத்துப் பல பொந்துகளாகத் தடுத்த அறைகளில் வாழும் உள்ளூர்க்காரர்கள் 2 லட்சத்துக்கும் மேல். ஒரே அறைக்குள் அடுப்பு, படுக்கை, கழிப்பறை. எங்கள் அறையும் ஏறக்குறைய அந்த அளவுதான். நாங்கள் திங்கட்கிழமை சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

இரவு எட்டு மணிக்குத் துறைமுகக் கட்டடங்களில் விளக்குக் காட்சி. அது தாளில் ஏழாவது. எட்டு முதல் பதினொன்றுவரை அப்படியே இருந்தன. "கௌலூன் கரையில நின்னு பாக்கணும், எட்டு மணிக்குள்ள போயிடணும்" என்று இவர் அவசரப்படுத்தினார். துறைக்கு வரும்போதே எட்டு ஆகப்போகிறது. கப்பல் ஏறினோம். பெஞ்சுகள் எல்லாம் போகிற கரையைப் பார்த்தபடி. கப்பல் நகர்ந்ததும் முதுகுக்குப் பின்னால் தீவின் கட்டடங்கள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன.

இவர் எழுந்தார். சாய்மானத்தைப் பிடித்துத் தள்ளினார். 'டக்'.

"உக்காரு."

"கப்பல்ல இருந்து பாக்குறதுன்னு லிஸ்ட்ல இல்லையே."

"உக்காருன்னா."

ஒரே பெஞ்சில், ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தோம். மிட்டாய்வாலா கதையை அப்போதுதான் சொன்னேன். "அப்ப மிட்டாய்க்கடைக்காரர் கப்பல்னு சொல்லு" என்றார்.

அக்கரை வந்து இறங்கும்போது இவர் சாய்மானத்தைப் பழையபடி திருப்பிவைக்கக் குனிந்தார். வேண்டாம் என்று தடுத்தேன். கப்பல் இனி தீவுக்குத்தான் போகும். எங்களுக்குப் பின்பக்கமாக இருந்தது, அடுத்து ஏறுகிறவர்களுக்கு முன்பக்கம்.

(அடுத்த வாரம்: மலை உச்சிக்கு ஏறும் டிராமும், இவர் தாளில் மிச்சமிருந்த நாலு இடங்களும்)