காணாமல் போனவர்களைத் தேடிய கிளாரா பார்ட்டன்



நர்ஸ் என்றாலே நமக்கு நைட்டிங்கேல் அம்மையார்தான் ஞாபகம் வருவார். கையில் விளக்கோடு நிற்கும் அந்தப் படத்தைப் பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்பீங்க. அவர் காலத்திலேயே அமெரிக்காவில் வாழ்ந்தவர் கிளாரா பார்ட்டன். 1881ல் அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தைத் தொடங்கியவர். இவர் நர்சிங் படித்தவர் இல்லை. இவர் வளர்ந்த காலத்தில் அந்த நாட்டில் நர்சிங் பள்ளியே கிடையாது.

1821 டிசம்பர் 25ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். வீட்டில் கடைசிப் பிள்ளை. நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவார். 11 வயதில், அண்ணன் உயரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையானபோது, இரண்டு வருஷம் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார். அதுதான் அவருக்குக் கிடைத்த பயிற்சி.

பிறகு டீச்சர் ஆனார். 1852ல் நியூஜெர்சியில் போர்டன்டவுன் என்ற ஊரில் கட்டணம் இல்லாத பள்ளி ஒன்றை ஆரம்பித்தார். முதல் நாள் வந்தது ஆறு பிள்ளைகள். கொஞ்ச நாளில் நூற்றுக்கணக்கில் சேர்ந்தாங்க. பள்ளி பெரிசானதும் நிர்வாகக் குழு என்ன செய்தது தெரியுமா? தலைமை ஆசிரியராக ஒரு ஆணைக் கொண்டுவந்து உட்கார வைத்தது. அவருக்கு வருஷத்துக்கு 600 டாலர், கிளாராவுக்கு 250. வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். அடுத்து வாஷிங்டனில் காப்புரிமை அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஆண்களுக்குக் கொடுத்த அதே 1,400 டாலர் சம்பளம். அது பொறுக்காத ஆண்கள் அவர் நடந்து வரும் வழியில் நின்று முகத்தில் சுருட்டுப் புகை விடுவாங்களாம். கூலி வேலை, ஆபீஸ் வேலை எதுவானாலும் இந்தக் கதை நமக்குப் புதுசில்லை.

1861ல் உள்நாட்டுப் போர் வந்தது. காயம்பட்டவர்களுக்கு மருந்தும் கட்டுத்துணியும் போய்ச் சேர நாள் கணக்கில் ஆனது. பெண்கள் போர்முனைக்குப் போவது வழக்கமில்லாத காலம். கிளாரா அலைந்து திரிந்து 1862ல் அனுமதி வாங்கி, வண்டியில் சாமான்களோடு போனார். ஆன்டீட்டம் போரில், டாக்டர்கள் துணி இல்லாமல் சோள மட்டையை வைத்துக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு சிப்பாய்க்குத் தண்ணீர் கொடுக்கும்போது, குண்டு அவர் சட்டைக் கையைத் துளைத்துக்கொண்டு போய் அந்தச் சிப்பாயைக் கொன்றது.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது போர் முடிந்த பிறகு செய்த வேலைதான். போன பிள்ளை திரும்பவில்லை, செத்தானா இருக்கானா தெரியவில்லை என்று ஆயிரக்கணக்கான வீடுகள் காத்திருந்தன. 1865ல் கிளாரா தன் வாடகை அறையிலேயே ஓர் அலுவலகம் திறந்தார். வந்த கடிதங்களில் உள்ள பெயர்களை மாநில வாரியாகப் பட்டியல் எழுதி, அச்சடித்து, தபால் ஆபீஸ்களிலும் பத்திரிகைகளிலும் வரச் செய்தார். அதைப் பார்த்து, கூட இருந்த சிப்பாய்கள் தெரிந்ததை எழுதி அனுப்பினாங்க. நாலு வருஷத்துக்குள் 63,000க்கும் மேல் கடிதங்கள் வந்தன. 22,000க்கும் மேற்பட்டவர்களுக்கு என்ன ஆனது என்று கண்டுபிடித்துச் சொன்னார்.

ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் மட்டும் சுமார் 13,000 பேர் இறந்திருந்தாங்க. அங்கே கைதியாக இருந்த டோரன்ஸ் அட்வாட்டர் என்ற இளைஞருக்கு இறந்தவர் பதிவேடு எழுதும் வேலை. அவர் யாருக்கும் தெரியாமல் இன்னொரு நகல் எழுதி வைத்திருந்தார். அந்த நகலோடு 1865 கோடையில் கிளாராவும் அரசுக் குழுவும் அங்கே போனாங்க. சுமார் 460 கல்லறைகள் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பெயர் கிடைத்தது. ஒரு நோட்டுப் புத்தகம் செய்த வேலை இது.

1871ல், போரில் நொறுங்கிய ஸ்ட்ராஸ்பர்க் நகரில், ஏழைப் பெண்களுக்குச் சும்மா துணி கொடுக்காமல் தையல் கூடம் அமைத்துக் கூலி கொடுத்தார். தைத்த துணிகள் அங்கேயே இல்லாதவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. 1893ல் தென் கரோலினா தீவுகளைப் புயல் அடித்தது. பாதிக்கப்பட்ட சுமார் 30,000 பேரில் அநேகமாக எல்லோரும் கறுப்பின மக்கள். அங்கேயும் இதே வழிதான். நிவாரண உணவோடு விதையும் கொடுத்தார். ஆண்கள் வாய்க்கால் வெட்டினாங்க, பெண்கள் தையல் குழு அமைத்தாங்க. இதைப் படித்தபோது நம்ம குழுக்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

இவ்வளவு செய்தவருக்குக் கடைசியில் வந்த கஷ்டம் கணக்கு வழக்கால்தான். சங்கத்துப் பணத்தையும் சொந்தப் பணத்தையும் தனித்தனியாக வைக்கவில்லை. அவசரத்துக்குத் தன் கைக்காசைப் போடுவார், சங்கப் பணத்தையும் தானே செலவு செய்வார். முடிவெல்லாம் அவர் ஒருத்தரே எடுப்பார். உறுப்பினர்கள் கேள்வி கேட்டாங்க, விசாரணைக் குழு வந்தது. அவர் பணம் எடுத்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் 1904ல், 82 வயதில், தலைவர் பதவியை விட்டு விலக வேண்டியதாயிற்று. மறு வருஷமே, சங்கத்தின் கணக்கு ஆண்டுதோறும் அரசுத் தணிக்கைக்குப் போக வேண்டும் என்று சட்டம் வந்தது.

அதற்கப்புறமும் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. 1905ல் முதலுதவி கற்றுக்கொடுக்கத் தனியாக ஒரு சங்கம் ஆரம்பித்தார். 1912 ஏப்ரல் 12ல், 90 வயதில் காலமானார். வாஷிங்டனில் அவர் கடிதங்கள் எழுதிய அந்த அறை வெகுகாலம் மறந்தே போயிருந்தது. 1996ல் இடிக்க இருந்த கட்டிடத்தைப் பார்க்க வந்த ஒரு தச்சுத் தொழிலாளி, மேல் பரணில் அவருடைய பெயர்ப்பலகையையும் காகிதங்களையும் கண்டெடுத்தார். இப்போது அது அருங்காட்சியகமாக இருக்கிறது.