ஒலியா எழுத்துக்கள்

ஆங்கில ஆசிரியர் வராத நாளொன்றில் அவர்தம் வகுப்பை மேற்பார்க்குங் கடமை எமக்கு வாய்த்தது. மாணவர்க்குச் சொல்வதெழுதுதல் நடாத்தினோம். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்னுஞ் சொல்லை ஒருவன் 'எஸ்' என்னும் எழுத்தின்றி எழுதியிருந்தான். பிழையெனக் கோடிட்டோம். அவன் எழுந்து, "ஐயா, வாயில் வராத எழுத்தை ஏன் எழுதவேண்டும்?" என்று வினவினான். விடை எமக்குத் தெரியாது. தெரியாதென்று கூறும் மனமும் எமக்கு இருந்ததில்லை. "வீண்கேள்வி கேளாதே; ஐம்பது முறை எழுதிப் பாடமாக்கு" என்று அவனை அமர்த்தினோம். எனினும், அக்கேள்வி எம்மை விட்டபாடில்லை. பின்னர் நூல்களிற் தேடி அறிந்தவற்றை ஈண்டு கூறுவாம்.

ஆங்கிலத்தில் ஒலியா எழுத்துக்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. சில முன்னாளில் ஒலித்தவை. குதிரை வீரனைக் குறிக்கும் 'நைற்' என்னுஞ் சொல்லின் முதலில் நிற்கும் 'கே' அத்தகையது. பழைய ஆங்கிலத்தில் அதனை வாயாரச் சொல்லினர். அந்நாளில் அச்சொல்லுக்குச் சிறுவன், ஏவலாள் என்பனவே பொருள். வில்லியம் கக்ஸ்ரன் 1476 இல் இங்கிலாந்திலே முதல் அச்சுக்கூடத்தை நிறுவியபின், எழுத்து மெல்ல மெல்ல ஓர் உருவில் நிலைபெறலாயிற்று. நாவோ நில்லாது மாறிச் சென்றது. பதினேழாம் நூற்றாண்டளவில் 'கே' ஒலி தேய்ந்து மறைந்தது. எழுத்து மட்டும் எஞ்சியது. எனினும் அது பயனற்றதன்று. இரவைக் குறிக்கும் 'நைற்' என்னுஞ் சொல்லினின்றும் இதனைக் கண்ணுக்குப் பிரித்துக் காட்டுவது அவ்வெழுத்தே.

வேறு சில, ஆங்கிலேயர் வாயில் ஒருநாளும் ஒலியாதவை. கடனைக் குறிக்கும் 'டெற்' என்னுஞ் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தபோது அதில் 'பீ' இல்லை. இலத்தீன் கற்ற அறிஞர், அதன் மூலம் 'டெபிற்றும்' என்பதை நினைவூட்டும்பொருட்டு அவ்வெழுத்தைப் புகுத்தினர். ஐயத்தைக் குறிக்கும் 'டவுற்' என்பதும் அவ்வாறே 'பீ' பெற்றது. 1598 இல் அச்சான 'லவ்ஸ் லேபர்ஸ் லொஸ்ற்' என்னும் நாடகத்தில், இவ்விரு சொற்களிலும் 'பீ'யை ஒலியாதாரைக் கடிந்துகொள்ளும் பள்ளியாசிரியர் ஒருவரைச் சேக்சுபியர் படைத்து நகையாடியுள்ளார். ஆசிரியராகிய யாமும் அதைப் படித்து நகைத்தோம்; சற்று நாணமும் உற்றோம்.

இனி, அம்மாணவனின் 'எஸ்' எழுத்துக்கு வருவாம். 'ஐலண்ட்' பழைய ஆங்கிலச் சொல். நீர்சூழ் நிலம் என்பது அதன் பொருள். தீவையே குறிக்கும் 'ஐல்' என்னும் பிறிதொரு சொல் இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. இரண்டுக்கும் உறவு யாதுமில்லை. ஒப்புமை கண்டு மயங்கியோர், பதினாறாம் நூற்றாண்டில், பின்னதற்குரிய 'எஸ்' எழுத்தை முன்னதற்கும் இட்டனர். எனவே அவ்வெழுத்து பிழையாற் பிறந்தது. அதனை விட்டெழுதிய மாணவன், ஆங்கிலேயரின் முன்னோர் எழுதியவாறே எழுதினான்!

இதனைக் கூறுவது அயலார் மொழியை எள்ளுதற்கன்று. 'மாலை கோத்தான்' என்பதே செவ்விய தமிழ். நம்மவர் பலர் ஓர் எழுத்தைக் கூட்டிக் 'கோர்த்தான்' என எழுதுவர். 'கிணற்றில்' என்பதைக் கண்டு, 'சுவரில்' என்னவேண்டியதைச் 'சுவற்றில்' என்பாரும் உளர். திருத்தமாக எழுதவேண்டுமென்னும் ஆவலே இங்கும் பிழைக்கு வித்தாயிற்று. அங்கே பிழை விதியாகிவிட்டது. இங்கே ஆசிரியரின் சிவப்பு மை இன்னும் தடுத்து நிற்கின்றது.

ஆயின் மாணவர், ஒலியா எழுத்துக்களை விட்டெழுதலாமோ? ஆகாது. உலக வழக்கு ஏற்றுக்கொண்டதைக் கற்றே ஆகவேண்டும். தேர்விலும் வழக்கே செல்லும். யாம் வேண்டுவது பிறிதொன்று. பாடமாக்கு என்று சொல்லுமுன், காரணத்தைச் சொல்லுவோம். காரணம் தெரியாவிடின், தெரியாது, தேடி வந்து சொல்வோம் என்போம். காரணம் அறிந்த எழுத்தை மாணவன் எளிதில் மறவான்.

ஐம்பது முறை எழுதிய அம்மாணவர் இன்று பழைய மாணவராய் இம்மலரைக் கையிலெடுத்தல் கூடும். அன்று அவர் கேட்டது வீண்கேள்வி அன்று. விடை பிந்தியமைக்கு எம்மைப் பொறுத்தருள்வாராக.