ஆர்டர் கையில் வந்த பிறகா கூட்டாளி தேடுவது?

காலையில் கெலுகோரிலிருந்து துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையில் போயிருக்கிறீர்களா? தொழிற்சாலை பஸ்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். அவை போய்ச் சேரும் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் 1972இல் தொடங்கியது. அதே ஆண்டுதான் இன்டெல், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைப் பினாங்கில் அமைத்தது. இன்று அந்தப் பெரிய ஆலைகளைச் சுற்றி உலோகப் பாகம் வெட்டுபவர்கள், சோதனை இயந்திரம் செய்பவர்கள், மென்பொருள் எழுதுபவர்கள் என உள்ளூர் நிறுவனங்களும் ஏராளம்.

சரி, நீங்கள் ஒரு சின்னப் பட்டறை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஆறு வாரத்தில் ஒரு சோதனை இயந்திரம் வேண்டும் என்று ஆர்டர் வருகிறது. சட்டகம் உங்களிடம் செய்யலாம். கேபிளும் மென்பொருளும் வேறு இருவர் தர வேண்டும். வரைபடம் யார் கைக்குப் போகலாம், தவறு நடந்தால் யார் பொறுப்பு, பணம் எப்போது? இதைப் பேசி முடிக்கவே நான்கு வாரம் ஓடிவிடும்.

இந்தச் சிக்கலுக்காக உருவானவைதான் கூட்டு வலையமைப்பு மாடல்கள். 1996இல் வந்த 'ஸ்கோர்' மாடல், திட்டமிடுவதிலிருந்து அனுப்பிவைப்பது வரை சரக்கு போகும் பாதையை வரைகிறது. 2008இல் நூலாக வந்த 'ஆர்கான்' ஆட்களைப் பார்க்கிறது: யார் யார் இருக்கிறார்கள், அவர்களிடம் என்ன இருக்கிறது, என்ன வேலை நடக்கிறது, எந்த விதிப்படி நடந்துகொள்கிறார்கள். பெயர்கள் மிரட்டினாலும் விஷயம் அவ்வளவுதான்.

இந்த ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு வேறுபாடு முக்கியம். குறிப்பிட்ட ஆர்டருக்காகச் சேர்ந்து, முடிந்ததும் கலையும் குழு ஒன்று. அந்தக் குழு பிறப்பதற்கு முன்பே ஒருவரையொருவர் அறிந்து, விதிகளைப் பேசி வைத்திருக்கும் நிரந்தர வட்டம் மற்றொன்று. வட்டம் இருந்தால்தான் குழு சட்டென்று கூடும்.

நம் ஊரில் இதற்குக் கிட்டத்தட்டப் பொருந்துவது, 1989இல் தொடங்கிய பினாங்கு திறன் மேம்பாட்டு மையம். ஆள் பிடிப்பதில் போட்டி போடும் நிறுவனங்களே அரசோடும் கல்வி நிலையங்களோடும் சேர்ந்து, பயிற்சிக்கு ஒரே கூரையைப் பகிர்ந்துகொண்டன. தங்கள் ஊழியரைப் போட்டியாளரின் ஊழியருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும், இல்லையா?

வட்டத்தின் பலம் நெருக்கடியில் தெரியும். 1997 பிப்ரவரி 1ஆம் தேதி ஜப்பானில் ஐசின் ஆலை தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்குக்குத் தேவையான சிறு வால்வு பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்தது. கையிருப்பு ஓரிரு நாளுக்கு மேல் தாங்கவில்லை. கார் ஆலைகள் நின்றன. 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உதவிக்கு வந்தன. தையல் இயந்திரத்துக்குப் பெயர்போன பிரதர்கூட வால்வு செய்தது. சுமார் ஒரு வாரத்தில் கார் உற்பத்தி மீண்டும் ஓடியது.

விலை பேசிவிட்டு யாரும் வேலையைத் தொடங்கவில்லை. பிறகு நேரடிச் செலவை ஐசின் ஏற்றது. தன் முதல்நிலை சப்ளையர்களுக்கு டொயோட்டா கூடுதல் தொகையும் கொடுத்தது.

எனக்கு இந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. சின்ன நிறுவனத்துக்கு 'அஜைல்' என்றால் பல சமயம் ராத்திரி போன் வரும், காலைக்குள் சரக்கு வேண்டும், பணம் மட்டும் மூன்று மாதம் கழித்து என்றுதான் அர்த்தம். அதனால் அப்படி ஒரு வட்டத்தில் சேர அழைப்பு வந்தால், படத்தில் உங்கள் பெட்டி எங்கே என்று மட்டும் பார்க்காதீர்கள். ஆர்டர் ரத்தானால் வாங்கி வைத்த உலோகத்துக்கு யார் காசு தருவார் என்று கேளுங்கள். கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.